மேல்புறம், வெளிப்பக்கம்

உள்ளேயிருந்து மாப்பிள்ளை ‘ஸ்ஸ்’ என்று மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாக்கியலீலாவுக்குத் தன் வலது கால் ஒருமுறை துள்ளியதுபோல் இருந்தது. துள்ளவில்லை. குனிந்து பார்த்தாள்; செருப்புக்குள் ஐந்து விரலும் சொன்னபடி கேட்டுக்கொண்டு சமர்த்தாக இருந்தன. பாதத்தை மேலே தூக்கினாள், தூக்கியது. இறக்கினாள், இறங்கியது. ஐம்பத்திரண்டு வயதுக் கட்டைக்கு இது பெரிய வித்தை இல்லைதான். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிற முப்பத்தொரு வயதுக்காரரால் இருபத்தாறு நாளாக இது முடியவில்லை. பொன்சிங். அவளுடைய ஒரே மகள் கிரேஸ்லினைக் கட்டிப் பதினாலு மாதம் ஆகிறது. தூத்துக்குடியிலிருந்து உப்பு லாரி ஓட்டுகிறவர். வலது பாதம் தொங்கிவிட்டது. நடந்தால் முழங்காலை உயர்த்தி உயர்த்தி, வாய்க்காலைத் தாண்டுகிறவர்போல் நடக்கிறார், பாதம் தரையில் சப்பென்று விழுகிறது. இப்போது உள்ளே காலில் கரண்ட் வைத்துப் பார்க்கிறார்கள். நரம்பு ஓடுகிறதா, நின்றுவிட்டதா, நின்றது என்றால் எந்த இடத்தில் நின்றது என்று அந்த மெஷின் சொல்லிவிடுமாம். டாக்டருக்கு அது மெஷின் சொல்லித்தான் தெரிய வேண்டும். லீலாவுக்கு மெஷின் எதற்கு. அந்த நினைப்பு வந்ததும் அவள் புடவை முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள், முகத்தில் வேர்வை எதுவும் இல்லை, இருந்தாலும் துடைத்தாள். மணி பத்தே முக்கால்.

எதிர்ச் சுவரில் ஒரு படம் தொங்கியது. ஏதோ மருந்துக் கம்பெனி கொடுத்தது, ஓரமெல்லாம் சுருண்டு கிடந்தது. தோலுரித்த ஓர் ஆள் பின்பக்கத்தைக் காட்டி நிற்கிறான். தலை கிடையாது, நெஞ்சு கிடையாது, இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும்தான் அவன். ரத்தம் போகிற குழாய் சிவப்பு, திரும்புகிற குழாய் நீலம், நரம்பு மஞ்சள். எந்த ஊர்ப் படத்திலும் நரம்புக்கு மஞ்சள்தான். நர்சிங் படிக்கும்போது இதே படத்தை நோட்டில் வரைந்தாள்; மஞ்சள் பென்சில் தீர்ந்துபோக, ஹாஸ்டல் சமையற்கட்டில் மஞ்சள்பொடியைத் தொட்டுத் தேய்த்தாள்; அந்த வருஷம் முழுக்க நோட்டைத் திறந்தால் ரச வாசனை. அதற்கே பத்துக்கு ஒன்பது மார்க். மறந்துபோகுமா? முதுகெலும்பின் கீழ்க் கண்ணிகளிலிருந்து வேர் வேராகப் புறப்பட்டு, எல்லாம் சேர்ந்து கட்டைவிரல் தடிமனில் ஒரே வடமாகிறது, சயாடிக் நரம்பு, உடம்பிலேயே பெரியது. முன்தொடைக்குப் போகிறது வேறு ஒன்று, அது முழங்காலை நீட்டுகிறது. உள்தொடைக்குப் போகிறது இன்னொன்று, அது இரண்டு காலையும் சேர்த்து வைக்கிறது. அவை இரண்டும் மாப்பிள்ளைக்கு நன்றாக இருக்கின்றன. சோறு பரிமாறுகிற சாக்கில் அவர் காலை நீட்டுவதையும் மடக்குவதையும் அவள் பார்த்துவிட்டாள். இந்த மஞ்சள் வடம்தான். இது இடுப்புக் கூட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து, பின்பக்கச் சதைக்கு அடியில்... அங்கே அவள் கண் நின்றது. நின்று, சட்டென்று தாண்டி, கீழே ஓடிவிட்டது. பின்தொடையில் நேராக இறங்குகிறது, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கெண்டைக்குள் போய்ப் பாதத்தைக் கீழே அழுத்தும், பிரேக்கை மிதிக்கும். மற்றது வெளிப்பக்கம் ஒதுங்கி, சின்ன எலும்பின் கழுத்தைச் சுற்றி முன்னால் வந்து பாதத்தை மேலே தூக்கும், மிதித்த பிரேக்கை விடும். மாப்பிள்ளைக்கு மிதிக்க வருகிறது, விட வரவில்லை. வைத்த காலை எடுக்கத் தெரியாத டிரைவரை நம்பி யார் லாரி சாவியைக் கொடுப்பார்கள்?

முழங்காலாக இருக்கலாமே. அதை நினைத்ததும் லீலாவுக்கு மூச்சு கொஞ்சம் லேசாக வந்தது. நாலு நாளாக அந்த முழங்காலைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். வெளிப்பக்கம் எலும்பின் கழுத்தில் அந்த நரம்புக்கு மேலே தோல் மட்டும்தான், கையை வைத்து உருட்டினால் அகப்படும். அதன்மேல் பாரம் விழுந்தால் போதும், பாதம் தொங்கிவிடும். நெடுநேரம் குந்தியிருக்கிறவர்களுக்கு வரும். சம்மணம் போட்டே உட்காருகிறவர்களுக்கு வரும். மாப்பிள்ளை டயர் மாற்றும்போது குந்துவார் அல்லவா? லாரி சீட்டில் குறுக்கே படுத்துக் காலை ஜன்னல் கம்பியில் போட்டுக்கொண்டு தூங்குவார் என்று கிரேஸ்லினே சொல்லியிருக்கிறாள். அந்தக் கம்பி அழுத்தியிருக்கும். ஆண்டவரே, அந்தக் கம்பியாக இருக்கட்டும். கம்பி அழுத்தி வந்தது என்றால் மூன்று மாதத்தில் தானாகச் சரியாகிவிடும். ஒரு பட்டை கட்டி நடக்க விடுவார்கள், அவ்வளவுதான். மாப்பிள்ளையும் பிழைப்பார், மாமியாரும் பிழைப்பாள். இப்படி ஒரே கல்லில் இரண்டு மாங்காய் கேட்கிற ஜெபத்தை ஆண்டவர் எத்தனை கேட்டிருப்பார் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள். கம்பியில் காலைப் போட்டுத் தூங்கியது எந்த மாதம்? அதற்கு முன்னால் ஆறு வருஷமாக அப்படித்தானே தூங்குகிறார். ஆறு வருஷம் சும்மா இருந்த நரம்பு அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்து ஏன் கோபித்துக்கொள்ள வேண்டும்? இந்த இடம் வந்ததும் நினைப்பு, முள்ளில் மாட்டிய புடவை மாதிரி இழுபட்டது. அவள் படத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பது.

டாக்டர்கள் முழங்காலைச் சொல்லவில்லை. அதுதான் பெரிய வயிற்றெரிச்சல். முதுகைச் சொல்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை எலும்பு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கீழ்முதுகில் ஒரு டிஸ்க், எலும்புக்கு எலும்பு நடுவில் இருக்கிற தட்டு, பிதுங்கி நரம்பின் வேரை நெருக்குகிறது, அதனால்தான் பாதம் தொங்குகிறது, திறந்து எடுத்துவிடலாம், அடுத்த வாரம் வியாழக்கிழமை காலியாக இருக்கிறது என்றார். லாரி ஓட்டுகிறவன் முதுகில் தட்டு பிதுங்காமல் வேறு என்ன பிதுங்கும்? ஊரில் பாரம் தூக்குகிற எவனைக் கொண்டுவந்து படம் எடுத்தாலும் ஒரு தட்டு கொஞ்சம் பிதுங்கித்தான் இருக்கும். அவரையும் குறை சொல்ல முடியாது. கேட்க வேண்டியதை அவர் கேட்டார். பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே, “இதுக்கு முன்னாடி இடுப்புல ஊசி எதுவும் போட்டீங்களா?” என்று கேட்டார். லீலா கைப்பையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். கிரேஸ்லின்தான் முந்திக்கொண்டாள். “இடுப்புலல்லாம் போடல சார். முதுகுவலின்னு ஒரே ஒரு ஊசி, அதுவும் கையிலதான். எங்கம்மாதான் போட்டாவ. எங்கம்மா நர்ஸு சார், முப்பது வருச சர்வீஸு.” சொல்லும்போது மகள் முகத்தில் இருந்த பெருமையை லீலா பார்த்தாள். டாக்டர் எதையோ எழுதினார். மாப்பிள்ளை ஒருமுறை நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தார், மாமியார் ஸ்கேன் படத்தைப் பார்த்தாள், படம் யாரையும் பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். கையில் என்று மகளிடம் சொன்னது யார்? மாப்பிள்ளைதான். ‘எங்க போட்டாவ?’ என்று பெண்டாட்டி சிரித்துக்கொண்டு கேட்டிருப்பாள். மாமியாரிடம் இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டேன் என்று எந்த ஆம்பளை சொல்வான், கையில் என்றிருப்பார். அந்தச் சின்னக் கூச்சம் சொன்ன சின்னப் பொய் இப்போது கேஸ் ஷீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வியாழக்கிழமை முதுகைத் திறக்கப் போகிறது.

கதவு திறந்தது. மெஷின் பார்க்கிற பெண், கழுத்தில் அடையாள அட்டை போட்டவள், ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தாள். லீலா எழுந்துவிட்டாள், எழுந்த பிறகுதான் ஏன் எழுந்தோம் என்று தேடினாள்.

“எம்மா, தொடையிலயும் ஊசி வச்சுப் பாப்பியளா? பின்தொடை, இடுப்புச் சதை, அங்கயெல்லாம்?”

“எதுக்கும்மா? சீட்டுல முதுகு நரம்புன்னு எழுதிருக்கு. முழங்காலுக்குக் கீழ பாத்தாச்சு, கடைசியா முதுகுல ரெண்டு எடம். அவ்வளவுதான். வெளிய பதினாறு பேரு இருக்காங்க.”

“இல்ல, கேட்டேன். முழங்கால்ல ஏதும்...”

“முழங்கால்ல ஒண்ணும் இல்லம்மா. அங்க அடைப்பு இருந்தா முதல்லயே தெரிஞ்சிருக்கும்.” அவள் பாட்டிலை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மூடுகிற கதவின் இடுக்கில் ஒரு நொடி, கட்டிலின் ஓரத்தில் மாப்பிள்ளையின் பாதம் தெரிந்தது. குதிகால் கட்டிலில், விரல்கள் கீழ்நோக்கி.

முழங்கால் போயிற்று. லீலா உட்கார்ந்தாள். அடியில் பெஞ்சு இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்தாள், இருந்தது. ஜன்னல் கம்பியும் போயிற்று, டயர் மாற்றியதும் போயிற்று. இனி இரண்டே இடம்தான் பாக்கி, முதுகு அல்லது... சொல்லேன், லீலா. முதுகு அல்லது இடுப்பு. முதுகாக இருக்கலாமே என்று அவள் மனசு அடுத்த கிளைக்குத் தாவப் பார்த்தது, குரங்குக்கு எந்தக் கிளையானால் என்ன. ஆனால் முதுகு வேர் என்றால் வலி முதுகிலிருந்து இறங்கியிருக்கும், நாள்கணக்கில் இறங்கும், இருமினால் இறங்கும். இந்த வலி அப்படி வரவில்லை. இந்த வலி இடுப்புக்கும் தொடைக்கும் நடுவில் பிறந்து நேரே கட்டைவிரலுக்கு ஓடியது, ஒரு மின்னல் நேரத்தில், அவள் கைக்கு அடியில். உள்ளே ஏதோ பொரிகிற சத்தம் கேட்டது. தாளிப்பில் கடுகு வெடிக்கிற மாதிரி, விட்டு விட்டு. சதைக்குள் ஊசியை வைத்து அது பேசுவதைக் கேட்கிறார்கள். நல்ல சதை எப்படிப் பேசும், நரம்பு அறுந்த சதை எப்படிப் பேசும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்ததெல்லாம் ஊசியை எங்கே வைக்கக்கூடாது என்றுதான். அதை அவளும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். பின்பக்கத்தில் கண்ணாலேயே ஒரு சிலுவை போடு. நாலு பாகம் ஆகும். மேல்புறம், வெளிப்பக்கம், அந்த ஒரு பாகம்தான் நமக்கு. மற்ற மூன்றும் நரம்பின் வீடு, அங்கே போகாதே. படுக்க வை. துணியை விலக்கு. பார்த்துப் போடு. அவள் வேலை பார்க்கிற கிளினிக்குக்கு வருகிற புது நர்ஸுப் பெண்கள் துணிக்கு மேலேயே குத்தினால் கையில் ஒரு தட்டு தட்டுவாள். ‘ஊசின்னா லீலாக்கா’ என்று உப்பளத்துப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள், டாக்டர் வரவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, லீலாக்கா வரவில்லை என்றால் திரும்பிப் போய்விடுவார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை சறுக்கினால் யானைக்கு அடி. இங்கே யாருக்கு அடி?

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து கறி வேகவைத்துக்கொண்டிருந்தாள். கிரேஸ்லின் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தாள். மாப்பிள்ளை தண்ணீர்க் குடத்தை நகர்த்தித் தருகிறேன் என்று குனிந்தவர் நிமிர முடியாமல், சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முதுகு பிடித்துக்கொண்டது. முகம் வெளுத்துவிட்டது. அவள் கைப்பையில் வலி ஊசி இருந்தது, எப்போதும் இருக்கும். “ஒரு ஊசி போட்டா சட்டுன்னு கேட்டுரும் மாப்ளே,” என்றாள். “போடுங்க அத்தை,” என்றார் அவர். அதுவரைக்கும் இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மருந்தை உறிஞ்சி எடுத்துக்கொண்டு திரும்பிய பிறகுதான், கையில் போடுகிற மருந்தில்லை இது, ஆழமாகப் போக வேண்டிய மருந்து என்பது நடுவில் வந்து நின்றது. பதினாலு மாதமாக அவர் எதிரில் அவள் கால் நீட்டி உட்கார்ந்ததில்லை. அவர் வந்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போவாள். அவரும் அவள் இருக்கிற இடத்தில் சட்டையில்லாமல் நின்றதில்லை. ‘படுங்க மாப்ளே’ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கட்டியிருக்கிற கைலியைக் காட்டி, ‘சாரத்த இறக்குங்க’ என்று சொல்லவா? ஆயிரம் ஆம்பளைகளிடம் சொன்னவள்தான், கிழவன், குமரன், போலீஸ்காரன், கோயில் உபதேசியார் என்று பார்க்காமல் சொன்னவள். மருமகனிடம் வரவில்லை. அவர் மேசை விளிம்பைப் பிடித்துக் குனிந்தபடியே சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், காது மடல் சிவந்திருந்தது. அவளும் திருப்பிக்கொண்டாள். சுவரில் காலண்டர். மீன்பிடி வள்ளம் ஒன்று, கரையில் கவிழ்த்து வைத்தது. அந்த வள்ளத்தைப் பார்த்துக்கொண்டு, சாரத்துக்கு மேலேயே, குனிந்து நிற்கிறவரின் சதை எங்கே மேல் எங்கே கீழ் என்று தெரியாமல், குத்தினாள்.

பார்க்கவில்லை. அவ்வளவுதான் குற்றம், பார்க்கவில்லை. இருபத்தாறு நாளாக இந்த இடத்தில் வந்து நின்றுகொள்கிறாள். இதற்கு அப்பால் ஓரடி எடுத்து வைக்காமல், பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று மாரடிக்கிறாள். பார்க்காதது கூச்சம். கூச்சம் பாவமா? எந்தப் பொம்பளையும் அதைத்தான் செய்திருப்பாள். அதற்குப் பிறகு மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, “கால் மரத்த மாதிரி இருக்கு அத்தை,” என்றார். “செத்த நேரத்துல சரியாயிரும் மாப்ளே,” என்றாள். கறிச்சோறு சாப்பிட்டார். இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டார், அவள் மனசு கோணக்கூடாது என்று. புறப்படும்போது ஒரு செருப்பு வாசற்படியிலேயே நின்றுவிட்டது, அவர் பாட்டுக்கு நடந்துபோனார், தெருமுனை வரைக்கும் அது காலில் இல்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து வந்துவிட்டிருந்த கிரேஸ்லின் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள், சிரித்துக்கொண்டு. லீலாவும் சிரித்தாள். சிரித்தபடியே உள்ளே வந்து, கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“எம்மா.”

கிரேஸ்லின் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஒரு கையில் ஸ்கேன் கவரும் மாப்பிள்ளையின் வலதுகால் செருப்பும். அது நடக்கும்போது கழன்று விழுகிறது என்று இப்போதெல்லாம் அவளே கையில் வைத்துக்கொள்கிறாள். மற்ற கையில் ஒரு ஃபாரம். முகம் வாடியிருந்தாலும் தலையைப் படிய வாரியிருந்தாள், பெரிய டாக்டர்கள் முன்னால் ஒழுங்காக நிற்க வேண்டும் என்று சிறுவயதிலேயே அம்மா சொல்லிவைத்தபடி.

“வார்டுல எடம் போட்டுட்டாவ. புதன்கிழமை காலையில வந்துரணுமாம். இதுல நான் கையெழுத்துப் போட்டுட்டேன், சாட்சின்னு ஒரு எடம் இருக்குல்லா, அதுல நீ போடு. நர்ஸுன்னு எழுதிக்கோ, இன்னும் நல்லதுன்னு கவுண்டர்ல இருக்க அண்ணன் சொன்னாரு.”

“இப்ப என்ன அவசரம்?”

“பன்னெண்டு மணிக்குள்ள குடுக்கணுமாம்.” மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எம்மா, முதுகத் தொறந்தா வேற எதுவும் ஆயிருமா? அவிய ராத்திரிலாம் முழிச்சுக் கெடக்காவ. கேட்டா ஒண்ணுமில்லங்காவ. நேத்து எங்கிட்ட என்ன சொன்னாவ தெரியுமா? ‘எதுன்னாலும் உங்கம்மாவ ஒண்ணும் கேக்காத’ன்னாவ. நான் எதுக்கு உன்ன கேக்கப் போறேன்? எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

லீலா பேனாவை வாங்கினாள். ஃபாரத்தை மடியில் வைத்தாள். ‘மேற்கண்ட அறுவை சிகிச்சையின் விவரங்கள் எனக்கு விளக்கப்பட்டன.’ அவர் தெரிந்துகொண்டுதான் இருக்கிறார். இருபத்தாறு நாளும் தெரிந்துகொண்டுதான், பாதத்தைச் சப் சப்பென்று அடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்து, அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டு, ஒண்ணுமில்ல அத்தை என்றிருக்கிறார். மாமியாரைக் காட்டிக்கொடுப்பதைவிட முதுகைக் கொடுத்துவிடலாம் என்று அங்கே கவிழ்ந்து படுத்திருக்கிறார். பேனா முனை தாளில் ஒரு புள்ளி வைத்தது, பெயரின் முதலெழுத்து ‘பா’ எழுதவில்லை, புள்ளியோடு நின்றது. சம்பந்திக்காரி என்ன சொல்வாள்? ‘நர்ஸு வீட்டுல பொண்ணு எடுத்தா நோய்நொடிக்கு ஆகும்னு பாத்தோம்’ என்பாள். கிளினிக்கில் என்ன சொல்வார்கள்? உப்பளத்துப் பெண்கள் வரிசை கலைந்துபோகும். அதெல்லாம் கலையட்டும். கிரேஸ்லின் என்ன செய்வாள்? திட்ட மாட்டாள். இந்தக் கண்ணால் பார்ப்பாள், அன்றைக்கு டாக்டரிடம் ‘எங்கம்மா நர்ஸு’ என்று சொன்ன அதே முகத்தோடு பார்ப்பாள், பிறகு அந்த முகம் மெல்ல மெல்ல வேறாகும், அதைப் பார்த்துக்கொண்டு லீலா நிற்க வேண்டும். அதற்குப் பதில் கையெழுத்துப் போட்டுவிடலாம். போடு. எத்தனை பேருக்கு முதுகைத் திறக்கிறார்கள், எல்லோரும் எழுந்து நடக்கவில்லையா? நடப்பார்கள். ஆனால் அவர் பாதம் தூக்காது. முதுகைத் தைத்த பிறகும் தூக்காது. அடுத்து வேறு இடத்தைத் திறப்பார்கள். ஒன்றும் செய்யாத முதுகுக்குத் தண்டனை, செய்த கைக்குப் பேனா. பார்க்கவில்லை, அவ்வளவுதானே. அவ்வளவுதானா, லீலா? குத்தியதும் என்ன ஆயிற்று? கால் துள்ளியது. கரண்ட் அடித்ததுபோல இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரே உதறல், மேசையில் இருந்த டம்ளர் விழுந்தது. ஊசி முனையில் ஏதோ தடுத்தது அவள் விரலுக்கே தெரிந்தது. முப்பது வருஷத்து விரல் அது, அதற்குத் தெரியாததா? எடு என்று விரல் சொன்னது. உடனே எடு, ஒரு சொட்டும் உள்ளே விடாதே, வேறு இடத்தில் போடு. வேறு இடத்தில் போடுவது என்றால் திரும்பவும் முதலிலிருந்து. திரும்பவும் அவர் சுவரைப் பார்க்க வேண்டும், அவள் வள்ளத்தைப் பார்க்க வேண்டும், அந்தக் கூச்சம் இன்னொரு தடவை. இரண்டு விநாடி. இரண்டே விநாடி யோசித்தாள். சீக்கிரம் முடிந்துபோகட்டும் என்று மருந்து முழுவதையும் உள்ளே தள்ளினாள். தெரிந்து தள்ளினாள்.

“என்னம்மா? போடும்மா.”

லீலா ஃபாரத்தை மகள் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். இவ்வளவு நேரம் ஒரே பக்கமாக உட்கார்ந்ததில் இடது கால் மரத்துப்போயிருந்தது, தரை எங்கே என்று தெரியவில்லை, பஞ்சில் மிதிப்பதுபோல் மிதித்துக் கதவுவரை போனாள். தட்டவில்லை. தட்டினால் யோசிக்க நேரம் கிடைத்துவிடும் என்று தள்ளித் திறந்தாள்.

மாப்பிள்ளை கவிழ்ந்து படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே பச்சைத் துணி. இளம் டாக்டர் ஒருவர் கையில் மெல்லிய ஊசியோடு முதுகின் மேல் குனிந்திருந்தார். பக்கத்தில் மெஷின் திரை.

“டெஸ்ட் நடக்குதும்மா, வெளிய இருங்க.”

“கையில இல்ல டாக்டர்.”

“என்ன கையில இல்ல?”

“ஊசி. சீட்டுல கையிலன்னு எழுதியிருக்கும். கையில போடல, இடுப்புல போட்டது. நான்தான் போட்டேன், நான் இவிய மாமியாரு, நர்ஸு. நிக்க வச்சு, துணிக்கு மேலயே, பாக்காமப் போட்டேன். குத்துனதும் கால் துள்ளுச்சு. துள்ளுனது தெரிஞ்சும் மருந்த முழுசாத் தள்ளிட்டேன். அன்னைக்கே பாதம் தொங்கிட்டு. செருப்பு கழண்டதுகூட இவியளுக்குத் தெரியல.” இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னாள். 

தலையணைக்குள்ளிருந்து, “அத்தை, நீங்க வெளிய போங்க,” என்று மெல்ல வந்தது. அவர் முகத்தைத் திருப்பவில்லை. காது மடல் சிவந்திருந்தது.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். திட்டுவார் என்று அவள் நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவர் மெஷினைப் பார்க்கும் பெண்ணிடம் திரும்பி, எலும்பு டாக்டருக்குப் போன் போட்டு வியாழக்கிழமையை நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். பிறகு லீலாவைப் பார்த்து, “எந்த இடம்? காட்டுங்க,” என்றார்.

அந்தப் பெண் பச்சைத் துணியைக் கீழே இறக்கினாள். லீலாவின் முகம் தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பியது. பாதி திரும்பியபோது வாசலில் கிரேஸ்லின் நிற்பது தெரிந்தது, ஃபாரமும் செருப்புமாக. எதுவரைக்கும் கேட்டாள் என்று கேட்கத் தேவையில்லை, முகமே சொன்னது. லீலா அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, அன்றைக்குப் பார்க்காததைப் பார்த்தாள். அவளுக்குப் பழக்கமான, ஆயிரம் தடவை பார்த்த, ஒரு மனுஷ உடம்பின் சதை, வேறொன்றுமில்லை. பேனா இன்னும் கையில் இருந்தது. மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள், குறுக்கே ஒரு கோடு. நாலு பாகம். மேல்புறம் வெளிப்பக்கத்தில் பேனா ஒரு கணம் நின்றது. அது அங்கே வைக்கத்தான் பழகியிருந்தது. அதை விட்டுவிட்டு, கோட்டுக்குக் கீழே, உள்பக்கம், ஒரு புள்ளி வைத்தாள். புள்ளியின் மேல் விரலை வைத்து அழுத்தினாள்.

பொன்சிங் ‘ஸ்ஸ்’ என்றார். இந்தத் தடவை தலையைத் தூக்கினார்.

“அங்கதான் அத்தை. கட்டைவிரல் வரைக்கும் ஓடுது.”

“விரல எடுக்காதீங்க,” என்றார் டாக்டர், பாதத்தின் பக்கம் போய்க் குனிந்துகொண்டே. லீலா எடுக்கவில்லை.